படுக்கையறைச் சுவரில் கருப்புப் பூசணம்: மழை முடியும் முன் பெயிண்ட் அடிக்கலாமா?

செம்பூர் மூன்றாம் மாடி:

வணக்கம். வீடு மும்பை செம்பூரில், ஏழு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. சொந்த ஃபிளாட். ஜூலை பிறந்ததிலிருந்து மூன்று இடங்களில் பூசணம் பூத்திருக்கிறது.

முதலாவது, படுக்கையறையின் மேற்குச் சுவர். பீரோவை நகர்த்தினால் பின்னால் கருப்புப் புள்ளி புள்ளியாக, இரண்டடிக்கு மூன்றடி இருக்கும். ஜன்னலின் கீழ் மூலையில் தொடங்கிப் பரவியது போலத் தெரிகிறது. இரண்டாவது, அதே அறையில் பாத்ரூமை ஒட்டிய சுவர். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி, தொட்டால் வெள்ளைப் பொடி உதிர்கிறது. மூன்றாவதுதான் புரியவே இல்லை. பிள்ளைகளின் ஏசி அறைக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள சுவரில், ஹால் பக்கம், சாமி படங்களுக்குப் பின்னால் சாம்பல் நிறப் படலம். அந்தச் சுவரில் குழாயும் இல்லை, அது வெளிச்சுவரும் இல்லை.

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பட்டி பார்த்து, பூஞ்சை வராத பெயிண்ட் அடிச்சா ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்" என்கிறார் பெயிண்டர். இப்போதே அடிக்கலாமா? ப்ளீச் போட்டுத் துடைத்தால் போகுமா? மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. 2021-ல் ஊரெல்லாம் பேசிய கருப்புப் பூஞ்சை இதுதானோ என்று பயப்படுகிறார். ஆறு வயதுப் பையனுக்கு இரவில் இருமலும் இருக்கிறது.

முலுண்ட் கட்டுமானம்:

மேடம், பெயிண்டரை முதலில் நிறுத்துங்கள். ஓதம் கோத்த சுவரில் பட்டி பார்த்தால் மழை முடிவதற்குள் பாளம் பாளமாகக் கழன்று வரும். காய்ந்த பூசணத்தை உப்புத்தாளால் தேய்ப்பது அதைவிட மோசம். அதன் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும்.

பூஞ்சையின் வித்து எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் இருக்கிறது, அதை ஒழிக்க முடியாது. தூசி, பெயிண்டில் உள்ள பசை, பிளைவுட், காகிதம் எல்லாமே அதற்கு உணவு. மும்பையின் 25 முதல் 30 டிகிரி வெப்பம் அதற்கு ஏற்ற வெப்பம். ஆக நம்மால் நிறுத்த முடிவது தண்ணீர் ஒன்றைத்தான். எந்தத் தண்ணீர் என்று பார்க்காமல் துடைத்தால் திரும்ப வரும். நீங்கள் சொன்ன மூன்று இடத்துக்கும் தண்ணீர் வெவ்வேறு வழியில் வருவதாகவே எனக்குப் படுகிறது.

மேற்குச் சுவர்: தென்மேற்குப் பருவக்காற்று மழையைச் சாய்த்து அடிப்பது இந்தச் சுவரில்தான். ஜன்னலின் கீழ் மூலையில் தொடங்கியிருப்பதால் சந்தேகம் ஜன்னல் மேல். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் என்றால் கீழ்த் தண்டவாளத்தில் வெளிப்பக்கமாகச் சிறு துளைகள் இருக்கும், மழைநீர் வடிய. தண்டவாளத்தில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில நொடிகளில் வெளியே வடிய வேண்டும். தேங்கி நின்றால் துளை அடைத்திருக்கிறது. தேங்கும் தண்ணீர் சட்டத்தின் மூலை இணைப்பு வழியாகச் சுவருக்குள்தான் இறங்கும். பழைய டூத்பிரஷ்ஷும் மெல்லிய கம்பியும் போதும், சுத்தம் செய்துவிடலாம். அடுத்து, சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) வெடித்திருக்கிறதா, ஜன்னலுக்கு அடியில் பதித்த அடிக்கல் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கல் உள்பக்கமாகச் சரிந்திருந்தால் எத்தனை முறை சீலன்ட் வைத்தாலும் பயனில்லை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் நேராக ஒரு விரிசல் ஓடுவதும் மும்பைக் கட்டடங்களில் சகஜம். அதை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும்.

பாத்ரூம் சுவர்: அந்த வெள்ளைப் பொடி பெரும்பாலும் பூஞ்சை இல்லை, உப்பு. சுவருக்குள் ஓடும் தண்ணீர் செங்கல், சிமெண்டில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து, ஆவியாகும்போது அதை விட்டுவிட்டுப் போகிறது. பொடி மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. பஞ்சு போல் ஒட்டி நின்றால் பூஞ்சை. இங்கே பாத்ரூம் தரையைப் பள்ளமாக விட்டு, செங்கல் ஜல்லியும் சாந்தும் நிரப்பி, அதன் மேல் டைல் போடுவது வழக்கம். பிரிக்பேட் கோபா என்பார்கள். நஹானி ட்ராப் (பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் துளை) இணைப்போ டைல் இடுக்கோ ஒழுகினால் அந்த நிரப்பில் தண்ணீர் தேங்கி, பக்கத்து அறைச் சுவரில் தரையோரமாகத் தலைகாட்டும். நீங்கள் சொல்லும் ஒரு முழ உயரம் அதற்குப் பொருந்துகிறது.

சோதனை எளிது. துணியைப் பாலிதீன் கவரில் சுற்றி நஹானித் துளையை இறுக அடைத்துவிட்டு, நிலைப்படி அனுமதிக்கும் அளவுக்கு, 4 அல்லது 5 செ.மீ. தண்ணீர் நிறுத்துங்கள். டைலில் மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். ஆவியாகிக் குறைவது ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அதற்கு மேல் இறங்கினால் டைல் இடுக்கோ நீர்த்தடுப்போ ஓட்டை. மட்டம் இறங்காமல், அடைப்பை எடுத்துக் குளிக்கத் தொடங்கியதும் சுவர் ஈரமானால் நஹானியோ அதன் கீழ்க்குழாயோ காரணம். இரண்டும் இல்லையென்றால், சுவருக்குள் போகும் குழாய்க்கு பிளம்பரிடம் கைப்பம்பு வைத்து அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். எல்லாக் குழாயும் மூடியிருக்க, அரை மணி நேரத்தில் அழுத்தம் காட்டும் முள் இறங்கினால் குழாய் ஒழுகுகிறது. கீஸர் வெந்நீர்க் குழாயைத் தனியாகவும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஹால் சுவர்: இங்கே தண்ணீர் காற்றிலிருந்து வருகிறது. ஹாலில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 26 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் வியர்த்துவிடும். ஏசியை 20, 22-ல் வைத்தால் நடுச்சுவர் முழுதும் குளிர்ந்து, ஹால் பக்கப் பரப்பு 27 டிகிரி வாக்கில் நிற்கும். கண்ணுக்குத் தெரிய நீர் கோக்காது. ஆனால் பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 90-ஐத் தாண்டும். பூஞ்சைக்கு நீர்த்துளியே தேவையில்லை. பரப்பில் 80 சதவீதம் நாள்கணக்கில் நீடித்தால் போதும். படங்களுக்குப் பின்னால் காற்று ஓடாததால் அங்கே முதலில் வந்திருக்கிறது. ஏசியை 26-க்கு ஏற்றுங்கள். அதன் காற்று நேராக அந்தச் சுவரில் அடிக்காதபடி தகட்டைத் திருப்புங்கள். படங்களின் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி ஒரு விரல் இடைவெளி கொடுங்கள்.

மூன்று சுவரிலும் ஓர் அடிச் சதுர அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி 48 மணி நேரம் விடுங்கள். தாளுக்கு அடியில் ஈரம் என்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் மேல் ஈரம் என்றால் அறைக் காற்றிலிருந்து. பூசணத்தின் மேல் ஒட்டாமல் அதன் ஓரமாக ஒட்டுங்கள்.

சயன் நுண்ணுயிரியல்:

மாமியாரிடம் சொல்லுங்கள்: 2021-ல் வந்தது மியூகோர்மைகோசிஸ். ரைசோபஸ் போன்ற வேறு வகைப் பூஞ்சைகளால் வருவது. கோவிட் தாக்கியவர்களில், கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தபோது பரவலாகக் காணப்பட்டது. ஈரச் சுவரில் கருப்பாகப் பூப்பவை பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ் வகைகள். நீண்ட நாள் ஊறிய காகிதத்திலும் ஜிப்சம் பலகையிலும் ஸ்டாக்கிபோட்ரிஸ் வரலாம். நிறத்தை வைத்து வகை சொல்ல முடியாது. வகை தெரிந்தாலும் சுத்தம் செய்யும் முறை மாறாது என்பதால் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

அதற்காக அலட்சியமும் வேண்டாம். ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்குப் பூஞ்சை வித்துகள் மூச்சிரைப்பைத் தூண்டும். பையனுக்கு இரவில் மட்டும் இருமல் என்றால் மருத்துவரிடம் காட்டும்போது வீட்டில் ஓதம் இருப்பதையும் சொல்லுங்கள். சுத்தம் செய்யும் நாளில் அவனும் மாமியாரும் வேறு வீட்டில் இருப்பது நல்லது. ஸ்டீராய்டு எடுப்பவர்கள், கீமோ நடப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் இந்த வேலையைத் தொடவே கூடாது. ஆஸ்பர்ஜில்லஸ் அவர்களின் நுரையீரலுக்குள்ளேயே வளரக்கூடியது.

பரப்பு மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் பொதுவான வழிகாட்டல். உங்களுடையது அதற்குள் வருகிறது.

என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி மூன்றும் வேண்டும். துணி மாஸ்க் வித்தைத் தடுக்காது. மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். அறைக் கதவைச் சாத்தி அடியில் ஈரத்துணி வையுங்கள், ஜன்னலை மட்டும் திறங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிப் பூசணத்தின் மேல் மென்மையாகத் தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும். நனைத்துவிட்டால் வித்து பறக்காது, அதனால்தான் இது முதலில். பிறகு ஸ்பான்ஜால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். நடுவிலிருந்து வெளியே துடைத்தால் பூசணத்தைச் சுத்தமான சுவரில் பூசிவிடுவீர்கள். இரண்டு வாளி வையுங்கள், ஒன்று அலச, இன்னொன்று சோப்பு நீருக்கு. ஸ்பான்ஜை வேலை முடிந்ததும் கவரில் கட்டி எறிந்துவிடுங்கள்.

சோப்பால் எடுத்த பிறகுதான் கிருமிநாசினி. பெயிண்ட் அடித்த சுவருக்கு நான் சொல்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் பெரும்பாலும் 6 சதவீதமாகக் கிடைக்கும். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம். தெளித்து 10, 15 நிமிடம் விட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். நுரை வருவது இயல்பு. வண்ணச் சுவரை வெளுக்கச் செய்யலாம், ஆகவே ஒரு மூலையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெராக்சைடு கிடைக்காவிட்டால் வெங்காரம் (போராக்ஸ்): ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் கரைத்துப் பூசி, அலசாமல் விட்டுவிடலாம். அந்தப் படிவு பூஞ்சை மறுபடி பிடிப்பதைத் தாமதப்படுத்தும். ஆனால் வெங்காரத்தை வாயில் போட்டால் நஞ்சு. தவழும் குழந்தையோ சுவரை நக்கும் பூனையோ உள்ள வீட்டில் வேண்டாம்.

ப்ளீச் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டைல், கண்ணாடி, வாஷ்பேசின் போன்ற உறிஞ்சாத பரப்புக்கு அது நன்றாக வேலை செய்யும். 4 சதவீத ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு, பத்து நிமிடம், பிறகு அலசல். பூச்சுச் சுவரிலும் மரத்திலும் கதை வேறு. குளோரின் மேற்பரப்பிலேயே செலவாகிவிடும், அதைச் சுமந்து வந்த தண்ணீர் மட்டும் உள்ளே ஊறும். நிறம் வெளுத்ததால் பூசணம் போனது போலத் தோன்றும், உள்ளே வேர்போல் ஓடிய இழைகள் அந்தத் தண்ணீரைக் குடித்து மீண்டும் வளரும். செத்த பூஞ்சையும் அலர்ஜியைத் தூண்டும் என்பதால் கொல்வதைவிட அகற்றுவதுதான் முக்கியம்.

ஓர் எச்சரிக்கை. ப்ளீச்சோடு டாய்லெட் கிளீனரையோ வினிகரையோ கலந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு சேர்ந்தால் குளோரமின். மூடிய பாத்ரூமில் இரண்டுமே ஆளைச் சாய்க்கும். பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள், கண்ணையும் தோலையும் அரிக்கும் பெராசிட்டிக் அமிலம் உருவாகும். ஒரு நாளைக்கு ஒரு ரசாயனம் என்று வைத்துக்கொண்டால் பிசகாது.

ஷவர் ஓரத்து சிலிக்கானில் கருப்பு இருந்தால் துடைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அது சிலிக்கானுக்குள் வளர்கிறது. பிளேடால் முழுதும் வெட்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, பூஞ்சை எதிர்ப்புள்ள சானிட்டரி சிலிக்கானைப் புதிதாக வைத்து, இன்னொரு நாள் தண்ணீர் படாமல் விடுங்கள்.

டோம்பிவிலி வாசகர்:

இவ்வளவு வேலை எதற்கு? பகல் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேனைப் போட்டால் சுவர் தானாகக் காயாதா? ஊரில் அப்படித்தானே செய்வோம்.

மாட்டுங்கா இல்லம்:

ஊர் வெயில்ல அது சரிங்க. ஜூலை, ஆகஸ்ட் மும்பையில வெளிக்காத்துலயே ஈரப்பதம் 85-க்கு மேல நிக்குது. அந்தக் காத்தை உள்ள விட்டா சுவர் காயாது, இன்னும் ஈரம் குடிக்கும். ஏசி அறை ஜன்னலைத் திறந்து வச்சா குளிர்ந்த சுவர்ல நேரா வியர்க்கும். மழை விட்டு நல்ல வெயில் அடிக்கிற மதியத்துல மட்டும் திறங்க. சமையலறை, பாத்ரூம் மட்டும் விதிவிலக்கு. அங்க நாமளே ஆவி உண்டாக்குறோம், அதை எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு வெளிய தள்ளியே ஆகணும். குளிச்ச பிறகு இருபது, முப்பது நிமிஷம் ஓடணும். பாத்ரூம் கதவுக்கு அடியில ஒரு விரல் சந்து இருந்தாத்தான் ஃபேனுக்கு இழுக்கக் காத்து கிடைக்கும்.

செம்பூர் அக்கா, முதல்ல ஒரு டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் வாங்குங்க. மலிவாவே கிடைக்கும். அது சரியாக் காட்டுதான்னு பார்க்க, ஒரு பாட்டில் மூடியில சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணி விட்டுக் குழைச்சு, மீட்டரையும் மூடியையும் காத்துப்புகாத டப்பாவுல வச்சு மூடி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில 75 காட்டணும். 80 காட்டுதுன்னா எப்பவும் அஞ்சைக் கழிச்சுக்கோங்க. வீட்டுக்குள்ள 60-க்குக் கீழ வச்சிருந்தா பூசணம் அடங்கும். 50 வந்தா ரொம்ப நல்லது.

மழைக்காலத்துல வீட்டுக்குள்ள ஈரம் ஏத்துறது பெரும்பாலும் துணி. அஞ்சு கிலோ துணி மெஷின்ல பிழிஞ்சு வந்தாலும் இரண்டு, இரண்டரை லிட்டர் தண்ணி அதுல நிக்கும். அதை ஹால்ல கயிறு கட்டிக் காயப்போட்டா அத்தனையும் காத்துலதான் போகுது. ஒரே அறையைத் துணிக்குன்னு ஒதுக்கி, கதவு ஜன்னலைச் சாத்தி, டீஹியூமிடிஃபையரை (காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து எடுக்கிற மெஷின்) ஓடவிடுங்க. ஏசியில டிரை மோடும் உதவும், ஆனா டீஹியூமிடிஃபையர் அளவுக்கு இல்லை. டீஹியூமிடிஃபையர் பெட்டியில ஒரு நாளைக்குன்னு போட்டிருக்கிற "20 லிட்டர்" கணக்கு 30 டிகிரி, 80 சதவீத ஈரத்துல எடுத்தது. ஈரம் குறையக் குறைய அது எடுக்கிற தண்ணியும் குறையும், கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. அறை ஓரிரு டிகிரி சூடாகும்.

பீரோ விஷயம். வெளிச்சுவரை ஒட்டி எதையும் வைக்காதீங்க, மூணு இன்ச்சாவது தள்ளி வைங்க. பிளைவுட் பீரோவுக்கு உள்ள லேமினேட் இருக்கும், முதுகுப் பக்கம் வெறும் பலகை. பூசணம் அங்கதான் பிடிக்கும். முதுகைச் சோப்புத் தண்ணியால துடைச்சு, நல்லாக் காயவச்சு, இரண்டு கோட் வார்னிஷ் அடிங்க. கடையில விக்கிற கால்சியம் குளோரைடு டப்பா மூடின பீரோவுக்கு மட்டும்தான், அறைக்கு அது காணாது. தண்ணி நிரம்பினதும் தூக்கிப் போட்டுடணும். அந்தத் தண்ணி துணியில சிந்தினா கறை, தோல் பொருள்ல பட்டாச் சுருங்கிடும். அதனால கீழ்த்தட்டுல, தட்டு வச்சு வைங்க.

பட்டுப்புடவையை பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, உள்ள மாட்டின ஈரம் வெளிய போக வழியில்லை. பழைய பருத்தி வேட்டித் துணியில சுத்தி வைங்க. மாசம் ஒரு தடவை மடிப்பை மாத்துங்க. ஏற்கனவே பூசணம் பிடிச்சிருந்தா, முதல்ல நிழல்ல நல்லாக் காயவிட்டு, பால்கனியில மாஸ்க் போட்டுக்கிட்டு மெல்லிய பிரஷ்ஷால தட்டி, அப்புறம் டிரை கிளீனிங் குடுங்க. ஈரமா இருக்கும்போது தேய்ச்சா கறை நூலுக்குள்ள இறங்கிடும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்தை ஒண்ணும் பண்ணாது.

செம்பூர் மூன்றாம் மாடி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி பார்த்தேன். ஜன்னல் தண்டவாளத்தில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. மேற்குச் சுவரில் ஒட்டிய தாளுக்கு அடியில் நல்ல ஈரம். ஹால் சுவர்த் தாளில் ஈரம் அடியிலும் இல்லை, மேலேயும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் மீட்டர் இரவில் 84 காட்டுகிறது. பாத்ரூமில் வெள்ளைப் பொடி தண்ணீரில் கரைந்துவிட்டது. நஹானியை அடைத்து நிறுத்திய தண்ணீர் ஒரு நாளில் ஒன்றரை செ.மீ. இறங்கியது, சுவரிலும் ஈரம் ஏறியிருக்கிறது. சொசைட்டி (கட்டடத்தின் கூட்டுறவுச் சங்கம்) செக்ரட்டரியிடம் பேசினால், "ஃபிளாட்டுக்குள் வருவதெல்லாம் உங்கள் செலவு" என்கிறார். இனி எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முலுண்ட் கட்டுமானம்:

ஹால் சுவருக்கு விடை கிடைத்துவிட்டது. தாள் காய்ந்திருந்து மீட்டர் 84 காட்டினால் அது காற்று ஈரம்தான். ஏசி 26, படங்களுக்குப் பின்னால் இடைவெளி, இரவில் ஹாலில் டீஹியூமிடிஃபையர். சோப்பு நீரும் பெராக்சைடும் போட்டுத் துடைத்தால் முடிந்தது. இந்த ஒரு சுவருக்கு மட்டும் மழை நிற்கக் காத்திருக்க வேண்டாம்.

செலவு யாருடையது என்பதில் செக்ரட்டரி சொல்வது பாதிதான் சரி. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதிகளில், மழைநீர்க் கசிவும் வெளிப் பொதுக்குழாய்க் கசிவும் சங்கம் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. பாத்ரூம், சிங்க் போன்ற உள் கசிவு உறுப்பினர் பொறுப்பு. உங்கள் கட்டடம் எந்த விதிகளைப் பதிவு செய்து ஏற்றிருக்கிறது என்று ஒரு பிரதி வாங்கிப் பாருங்கள். மேற்குச் சுவருக்குத் தேதியுடன் படம், தாள் சோதனையின் படம், வெளிவிரிசல் தெரிந்தால் அதன் படம் மூன்றும் வைத்து எழுத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். வாய்ப்பேச்சு அடுத்த ஜூன் வரை இழுக்கும். உங்கள் நேர்மேல் மாடியிலும் அதே இடத்தில் ஓதம் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் சேர்ந்தே எழுதுங்கள். ஜன்னல் சட்டம் நீங்களே பின்னால் மாற்றியதாக இருந்தால் அந்த இணைப்பை மட்டும் உங்கள் பொறுப்பு என்று சங்கம் வாதிடலாம்.

மேற்குச் சுவரில் இப்போது செய்ய முடிந்தது: தண்டவாளத் துளைகளைத் திறப்பது, வெளியே ஜன்னலுக்கு மேலிருந்து தார்ப்பாய் கட்டுவது. தொடர்ந்து இரண்டு நாள் மழை விட்டால் சட்ட ஓரத்தில் பழைய சீலன்ட்டை முழுதும் சுரண்டி எடுத்துப் பாலியூரிதேன் சீலன்ட் வைக்கலாம். ஈரப் பரப்பில் அது பிடிக்காது. பழையதன் மேலேயே பூசினாலும் பழையதோடு சேர்ந்து உரிந்து வரும்.

நிரந்தர வேலை பிப்ரவரி முதல் மே வரைக்குள், வெளிப்பக்கத்தில். விரிசலை ஆங்கில வி எழுத்து வடிவில் 8, 10 மி.மீ. அகலமும் ஆழமும் வரும்படி வெட்டி, தூசியை ஊதி எடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்ப வேண்டும். வெள்ளைச் சிமெண்டை வழித்துவிட்டுப் போகும் ஆளை அனுமதிக்காதீர்கள். வெயிலில் சுவர் விரிந்து சுருங்கும்போது அது முதலில் வெடிக்கும். தூண், செங்கல் சேரும் கோட்டில் கண்ணாடி நார் வலை பதித்து, அதன் மேல் அக்ரிலிக் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட், ஒன்று குறுக்காக, ஒன்று நெடுக்காக. சன்ஷேடின் அடியில் விளிம்பை ஒட்டி நீர் சொட்டும் காடி (நீளமான சிறு பள்ளம்) இல்லாவிட்டால் அதையும் வெட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் மழைநீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கே வந்துவிடும்.

வெளியே அடைக்காமல் உள்ளே மட்டும் நீர்த்தடுப்பு பெயிண்ட் அடிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தண்ணீர் அப்படியே சுவருக்குள் நிற்கும். அடுத்த அறையில் வெளிப்படும், இல்லாவிட்டால் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

பாத்ரூமுக்கு மழை நிற்கக் காத்திருக்க வேண்டாம். மட்டம் ஒன்றரை செ.மீ. இறங்கியதால் டைல் இடுக்கு, தரையும் சுவரும் சேரும் மூலை, நஹானி ஜாலியின் ஓரம் மூன்றிலும் சந்தேகம். முதலில் செலவு குறைந்த வழி: இடுக்குகளில் பழைய கிரவுட்டை (டைல் இடுக்கை அடைக்கும் கலவை) சுரண்டி எடுத்து, இரண்டு நாள் அந்தப் பாத்ரூமைப் பூட்டிக் காயவிட்டு, எபாக்சி கிரவுட் நிரப்புங்கள். ஈரத்தின் மேல் எபாக்சி வைத்தால் பிடிக்காது. ஒரு நாள் இறுகியதும் அதே தண்ணீர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மட்டம் நின்றால் தப்பித்தீர்கள். கோபாவில் ஏற்கனவே தேங்கிய தண்ணீர் வெளியேற வாரக்கணக்கில் ஆகும், அதுவரை படுக்கையறைச் சுவர் ஈரமாகத்தான் இருக்கும். கிரவுட் வேலை செய்யவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மட்டம் மறுபடி இறங்கினால் தரையை ஸ்லாப் வரை உடைத்து நீர்த்தடுப்பைப் புதிதாகப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. நஹானி வழியாக ரசாயனம் செலுத்தி மூன்று மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர்கள் வருவார்கள். டைல் இடுக்கில் உள்ள ஓட்டைக்கு அது மருந்தில்லை.

கசிவு நின்ற பிறகு படுக்கையறைப் பக்கம். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் பெருக்கி எடுங்கள். தண்ணீரால் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். உப்பேறிய பூச்சை ஈரக்கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை கொத்தி எடுத்து, செங்கல் தெரியும்படி காயவிடுங்கள். பிறகு ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் சேர்த்த சாந்து, அதில் பாலிமர் கலந்து. அந்த இடத்தில் பிஓபியும் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஜிப்சமும் கூடவே கூடாது, இரண்டுமே ஈரத்தில் இளகும். புதுப் பூச்சுக்கு 28 நாள் கழித்துப் பெயிண்ட்.

மேற்குச் சுவரின் உள்பக்கத்துக்கு அவசரப்படாதீர்கள். மும்பையை விட்டுப் பருவமழை விலகுவது அக்டோபர் இரண்டாம் வாரம் வாக்கில். தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் அப்போதுதான் பெயிண்டரைக் கூப்பிடுவார்கள், சுவருக்குள் ஈரம் நிற்கும்போதே அடித்தும் விடுவார்கள். தாளை மறுபடி 48 மணி நேரம் ஒட்டி, அடியில் ஈரம் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே பட்டி. வெளிவேலை மே மாதத்துக்குள் முடியும் வரை உள்ளே சுண்ணாம்போ சுவாசிக்கும் சாதாரண டிஸ்டெம்பரோ போதும். புதுச் சுண்ணாம்பின் காரம் பூஞ்சைக்கு ஆகாது. விலையுயர்ந்த பிளாஸ்டிக் எமல்ஷனை அடுத்த மழையில் சுவர் தேறிய பின் அடித்துக்கொள்ளலாம். பூஞ்சை எதிர்ப்புப் பெயிண்டில் உள்ள மருந்து காற்று ஈரத்தால் வரும் பூசணத்தைத் தாமதப்படுத்தும், கசிவை அது ஒன்றும் செய்யாது.

பாத்ரூம் தரையை உடைக்க வேண்டி வந்தால், கொட்டேஷனிலேயே 72 மணி நேரத் தண்ணீர் சோதனை நீர்த்தடுப்புப் பூச்சின் மேல், டைல் ஒட்டுவதற்கு முன் நடக்கும் என்று எழுதி வாங்குங்கள். டைல் ஒட்டிய பிறகு சோதித்தால் ஒழுகுவது தெரியும், எந்த அடுக்கில் என்று தெரியாது. மறுபடி உடைக்கும் செலவு உங்கள் தலையில் விழும்.